நோயாளியின் திரை
(ஆஸ்பத்திரியில் அவ்ரத்தைப் பேணுவது பற்றிய பாடம்)



தொழுகையில் அவ்ரத்தை மறைப்பது ஃபர்ளு என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். மக்தபில் ஆரம்பத்திலேயே அதை ஓதிக் கொடுத்து விடுகிறோம். ஆனால் அதே பிள்ளை வளர்ந்து, நோயில் விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துவிட்டால், அந்தப் பாடம் அங்கே செல்லாது என்பது போல நடந்து கொள்கிறோம். ஊசி போடும்போதும், கட்டு மாற்றும்போதும், மலஜலம் கழிக்க உதவும்போதும், பிரசவ வேதனையில் துடிக்கும்போதும் திரை மூடியிருக்கிறதா, விலகிக் கிடக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? “நோயாளிக்கு என்ன வெட்கம்?” என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறோம். இந்த வார்த்தை சரிதானா என்று ஷரீஅத்திடம் கேட்டுப் பார்ப்பதே இம்மாதப் பாடம்.

குருவிகுளம் வட்டாரத்துக் கிராமங்களில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே தீராவிட்டால் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே போனால் கோவில்பட்டி, தென்காசி. கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. பழைய காலத்து வார்டு என்றால் நீண்ட கூடம், வரிசையாகக் கட்டில்கள், தேவைப்பட்டால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தும் துணித் தட்டி ஒன்று. இப்போது பட்டணங்களில் எழும்பும் புதிய ஆஸ்பத்திரிகளிலோ எங்கே பார்த்தாலும் கண்ணாடி. டாக்டர் அறைக்குக் கண்ணாடிக் கதவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கண்ணாடிச் சுவர், ஸ்கேன் அறைக் கதவிலும் ஒரு சிறு கண்ணாடிச் சதுரம்.

வெளிச்சம் வருகிறது, சுத்தமாக இருக்கிறது, நர்ஸ் தூரத்திலிருந்தே நோயாளியைக் கவனிக்க முடிகிறது. இவை நல்லவைதாம். ஆனால் கண்ணாடி சுவரைப் போல நின்றாலும் சுவர் அல்ல. காற்றைத் தடுக்கும், கண்ணைத் தடுக்காது. ஆகவே கண்ணையும் தடுக்கும் கண்ணாடிகளை இப்போது செய்கிறார்கள். அவற்றை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் நம் குடும்பங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயமாகி விட்டது.

நோயாளிக்கும் அவ்ரத் உண்டு

ஆணுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை அவ்ரத். இது ஆண்கள் வார்டில், ஆண்களுக்கு முன்னாலும் அவ்ரத்துத்தான். பெண்ணுக்குப் பெண்ணின் முன்னால் ஒரு எல்லை, மஹ்ரமான ஆணின் முன்னால் ஒரு எல்லை, அந்நிய ஆணின் முன்னால் ஒரு எல்லை என்று விவரம் இருக்கிறது. மத்ஹபுக்கு மத்ஹப் சிறு வேறுபாடுகளும் உண்டு. இவற்றில் எதுவும் நோய் வந்துவிட்டதால் ரத்தாகி விடுவதில்லை.

இமாம் புகாரி, இமாம் முஸ்லிம் (ரஹ்) இருவரும் பதிவு செய்துள்ள ஒரு சம்பவத்தை ஊன்றிக் கவனியுங்கள். கருநிறப் பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். தமக்கு வலிப்பு வருகிறது என்றும், அப்போது ஆடை விலகித் தம் உடல் வெளிப்பட்டு விடுகிறது என்றும் முறையிட்டு, துஆ செய்யும்படி வேண்டினார். பொறுத்துக் கொண்டால் சுவர்க்கம் உண்டு. விரும்பினால் குணம் கிடைக்க துஆ செய்கிறேன் என்ற கருத்தில் அண்ணலார் பதில் கூறினார்கள். அந்தப் பெண்மணி நோயைப் பொறுத்துக் கொள்ளச் சம்மதித்தார். உடல் வெளிப்படுவதை மட்டும் பொறுத்துக் கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அப்படி வெளிப்படாமல் இருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்றார். நாயகம் (ஸல்) அவர்களும் அதற்காகவே துஆ செய்தார்கள்.

வலிப்பு வந்தவர் சுயநினைவோடு ஆடையை விலக்குவதில்லை. அவர்மீது குற்றமே கிடையாது. அப்படியிருந்தும் அவருடைய கவலையை, “நோயாளிக்கு என்ன வெட்கம்?” என்று நாயகம் (ஸல்) அவர்கள் தள்ளி விடவில்லை. நோயாளிக்கு வெட்கம் உண்டு; நினைவு தப்பிய நிலையிலும் தன் மானம் காக்கப்பட வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமையும் உண்டு என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் வீட்டில் ஒரு மவ்த்து நிகழ்ந்தால் மையித்தை எப்படிக் குளிப்பாட்டுகிறோம்? தொப்புள் முதல் முழங்கால் வரை துணியால் மூடி, கையில் துணியைச் சுற்றிக் கொண்டு, அந்தத் துணிக்குள் கையை விட்டுத்தான் சுத்தம் செய்கிறோம். சுற்றிலும் திரை கட்டுகிறோம். தேவையில்லாதவரை உள்ளே விடுவதில்லை. உயிர் போன உடம்புக்கே இவ்வளவு மரியாதை என்றால், வலியையும் வெட்கத்தையும் உணரும் உயிருள்ள நோயாளிக்கு அதில் பாதியாவது வேண்டாமா?

எவ்வளவு திறக்கலாம்?

சிகிச்சைக்காக அவ்ரத்தைத் திறப்பதற்கு ஷரீஅத்தில் அனுமதி உண்டு. ளரூரத் எனும் நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹ் சட்ட விதி. ஆனால் அதன் கூடப் பிறந்த இன்னொரு விதியை நாம் மறந்து விடுகிறோம். நிர்ப்பந்தத்தால் கிடைத்த அனுமதி, அந்த நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்று விடும்.

ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயா எனும் நூலில் இதன் விவரத்தைக் காணலாம். வைத்தியர் பெண்ணின் நோயுள்ள இடத்தைப் பார்க்கலாம். ஆயினும் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை முறையைக் கற்றுக் கொடுத்து அவளைக் கொண்டு செய்விப்பதே தகும். அது முடியாதபோது நோயுள்ள இடம் தவிர மற்ற எல்லா உறுப்புக்களையும் மூடி, இயன்றவரை பார்வையையும் தாழ்த்திக் கொண்டு பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதிலிருந்து மூன்று அளவுகள் கிடைக்கின்றன. ஒன்று இடத்தின் அளவு: முழங்காலில் புண் என்றால் இடுப்பைத் திறக்கத் தேவையில்லை. இரண்டாவது நேரத்தின் அளவு: கட்டு மாற்றி முடிந்ததும் போர்வை திரும்பி விட வேண்டும். மூன்றாவது ஆளின் அளவு: டாக்டருக்குக் கிடைத்த அனுமதி டாக்டருக்கு மட்டுந்தான். அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்தவருக்கும், வராந்தாவில் நடப்பவருக்கும், சாப்பாட்டுக் கேரியருடன் உள்ளே நுழையும் நம் சொந்தக்காரருக்கும் அந்த அனுமதி கிடையாது. திரையும் கண்ணாடியும் தேவைப்படுவது இந்த மூன்றாவது அளவுக்காகத்தான்.

வாசலில் நிற்கும் முறை

வெளியே நிற்பவரின் பார்வையை எப்படித் தடுப்பது என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் நடைமுறையிலேயே கற்றுக் கொடுத்தார்கள். அவர்கள் ஒருவருடைய வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அந்நாளில் வாசல்களுக்குத் திரைகள் இல்லாதிருந்ததே காரணம் என்றும் அந்த ரிவாயத்தில் விளக்கம் இருக்கிறது. அதாவது, திரை இல்லாத இடத்தில் பார்ப்பவரே திரையாகி விட வேண்டும்! அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்று புகாரியில் உள்ள இன்னொரு ஹதீஸ் உணர்த்துகிறது.

அருள்மறையில் சூரத்துந் நூர் 58-வது வசனம், ஸுப்ஹுக்கு முன்பும், ஆடையைத் தளர்த்தும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் வீட்டிலுள்ள சிறுவர்களும் பணியாளர்களும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அந்த மூன்று நேரங்களையும் ‘மூன்று அவ்ரத்கள்’ என்ற கருத்திலேயே இறைவன் குறிப்பிடுகிறான். ஆடை தளர்ந்திருக்கும் நேரமே அவ்ரத் என்றால், ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆடை தளராத நேரம் எது? அவருக்கு இருபத்து நான்கு மணி நேரமும் அந்த மூன்று நேரங்களைப் போன்றதே.

நாயகம் (ஸல்) அவர்களின் கடைசி நோயை நினைத்துப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மஸ்ஜிதை ஒட்டியிருந்தது. இடையே ஒரு திரைதான். ஹிஜ்ரி 11-ம் ஆண்டு, அந்தத் திங்கட்கிழமை ஃபஜ்ரில், அபூபக்ர் (ரலி) அவர்களின் பின்னால் ஸஹாபாக்கள் தொழுது கொண்டிருந்தபோது, அண்ணலார் அந்தத் திரையை விலக்கி அவர்களைப் பார்த்துப் புன்னகை புரிந்தார்கள். ஸஹாபாக்கள் மகிழ்ச்சியில் தொழுகையையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார்கள். தொழுகையை முடியுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, திரையை இறக்கி விட்டார்கள். அன்றைய தினமே வஃபாத்தானார்கள்.

அந்தத் திரையை விலக்கியது யார்? நோயுற்றிருந்த நாயகம் (ஸல்) அவர்கள். மீண்டும் இறக்கியது யார்? அவர்களேதான். அவர்களைப் பார்க்க உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த ஸஹாபாக்களில் ஒருவர்கூட வெளியிலிருந்து அந்தத் திரையைத் தொடவில்லை. நோயாளியின் திரை நோயாளியின் கையில் இருக்க வேண்டும் என்ற அதபை இதிலிருந்து நாம் எடுத்துக் கொள்கிறோம். இந்தப் பாடத்தின் மையமே இதுதான்.

திரை இல்லாததால் போன உயிர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். அவ்ரத்தைப் பேணுவது என்ற பெயரில் சிகிச்சையையே மறுப்பது ஷரீஅத் அல்ல. நம் தமிழகத்தின் வரலாற்றிலேயே இதற்குக் கண்ணீர் வரவழைக்கும் சாட்சி இருக்கிறது.

1890-களில் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கெஞ்சினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்து. தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் அவர். ஆண் டாக்டர் வேண்டாமென்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து விட்டார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் அவர் தொடங்கிய சிறு வைத்தியசாலை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் சேர்ந்து, இன்று உலகறிந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து நிற்கிறது.

அதற்கும் முன்பே சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், பர்தாவுக்குள் இருக்கும் பெண்கள் சிகிச்சையின்றி மாய்வதைக் கண்டு, 1885-ல் அவர்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் திருவல்லிக்கேணியில் இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் மருத்துவமனையாக இருப்பது. ஊர் மக்கள் வாயில் இன்றும் அது ‘கோஷா ஆஸ்பத்திரி’தான். கோஷா என்றால் பர்தாப் பெண் என்று பொருள். திரைக்கு உத்தரவாதம் கொடுத்ததால் அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர்; அந்த உத்தரவாதத்தை நம்பித்தான் பெண்கள் உள்ளே காலெடுத்து வைத்தார்கள்.

முஸ்லிம்கள் கட்டிய பழைய ஆஸ்பத்திரிகளும் இதை அறிந்தே கட்டப்பட்டன. 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டி வக்ஃபு செய்த மன்ஸூரீ ஆஸ்பத்திரியில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, நோய்க்கு ஏற்பத் தனி என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

படிப்பினை என்ன? அந்தத் திண்டிவனத்து மூன்று பெண்களும் வெட்கத்தால் சாகவில்லை. வெட்கத்துக்கு ஏற்பாடு செய்து கொடுக்க ஆளில்லாததால் இறந்தார்கள். உயிருக்கு ஆபத்து என்னும்போது பெண் டாக்டர் இல்லையென்றால் ஆண் டாக்டரிடம் காட்டுவது ஜாயிஸ் மட்டுமல்ல, அவசியமும் ஆகும். அதே நேரத்தில், ஏற்பாடு செய்ய முடிந்த இடத்தில் செய்யாமல் விடுவது நம் குற்றம்.

புதிய கண்ணாடிகள்

ஏற்பாட்டை எந்த ஊரிலிருந்து கற்றாலும் தவறில்லை. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள், தம் ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும்போது துணியின் மேல் உடலமைப்பு தெரியுமே என்று வருந்தினார்கள். அப்போது அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள், ஹபஷா நாட்டில் தாம் கண்டபடி ஈச்சங் கிளைகளை வளைத்துக் கட்டி, அதன்மேல் துணி போர்த்திக் காட்டினார்கள் என்றும், ஃபாத்திமா (ரலி) அவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள் என்றும் வரலாற்று நூல்களில் காண்கிறோம். நம் பள்ளிவாசல் சந்தூக்கில் வளைவு வைப்பதும் இதே நோக்கத்தில்தான். மறைப்பதற்கு நல்ல வழி ஒன்றை வேறு நாட்டார் கண்டுபிடித்திருந்தால் அதை எடுத்துக் கொள்வது நம் முன்னோரின் வழி.

துணித் திரை இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். துணித் திரையை எல்லோருடைய கையும் தொடுகிறது. அடிக்கடி துவைப்பதும் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், பரிசோதித்த 43 திரைகளில் 41-ல் நோய்க் கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டன. புதிதாக மாட்டிய 13 திரைகளில் 12 ஒரு வாரத்துக்குள்ளேயே கிருமி படிந்தவையாகி விட்டன. துணிக்குப் பதில் துடைத்துக் கழுவக் கூடிய மறைப்பைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றின் வகைகளையும், ஒவ்வொன்றிலும் உள்ள குறையையும் அறிந்து கொள்ளுங்கள்.

1. மங்கல் கண்ணாடி. ஒரு பக்கம் சொரசொரப்பாக்கியது, அல்லது மங்கல் ஸ்டிக்கர் ஒட்டியது. மலிவானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் சொரசொரப்பான பக்கம் நனைந்தால் கண்ணாடி தெளிந்து விடும். எனவே குளியலறையில் அந்தப் பக்கம் தண்ணீர் படாத புறமாக இருக்க வேண்டும். ஒருவர் கண்ணாடியை ஒட்டி நின்றால் உருவமும் நிழலாடும்.

2. பளபளப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி. சிறு கிளினிக்குகளில் அதிகம் காண்பது இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். எந்தப் பக்கம் வெளிச்சம் குறைவோ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியும். பகலில் வெளியே வெயில்; உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். மஃரிபுக்குப் பின் வெளியே இருட்டு, உள்ளே டியூப்லைட். இப்போது உள்ளே நடப்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். பகலில் மறைத்தது இரவில் காட்டிக் கொடுத்து விடும்!

3. உள்ளே தட்டிகள் வைத்த கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, காற்றும் தூசியும் புகாமல் அடைத்து, அதற்குள் மெல்லிய தகட்டுப் பட்டைகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். வெளியே உள்ள குமிழைத் திருப்பினால், அல்லது காந்தப் பிடியை நகர்த்தினால், உள்ளே பட்டைகள் திரும்பி மூடும். மறுபடி திருப்பினால் திறக்கும். பட்டைகளில் தூசி படியாது, கை படாது, தொங்கும் கயிறும் இல்லை. ஆனால் அரைகுறையாகத் திருப்பினால், நேரே நிற்பவருக்குத் தெரியாதது சாய்வாகப் பார்ப்பவருக்குத் தெரியும். முழுவதும் மூட வேண்டும்.

4. நகரும் பட்டைக் கண்ணாடி. பட்டை பட்டையாக மங்கலாக்கிய கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருப்பார்கள். ஒன்றை நகர்த்தினால் ஒன்றின் மங்கல் பட்டை மற்றதன் இடைவெளியை அடைத்து விடும். கதவில் வைக்கும் சிறு பார்வைச் சதுரத்துக்கு இது பொருந்தும். நர்ஸ் பார்க்க வேண்டிய நொடியில் திறந்து, உடனே மூடி விடலாம்.

5. மின்சாரக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம். மின்சாரம் பாய்ந்தால் தெளியும். நின்றால் பால்போல் வெளுத்து விடும். கரண்ட் போனாலும் மறைப்பு போகாது என்பது இதன் நன்மை. விலை அதிகம், சிறு ஆஸ்பத்திரிகளால் தாங்க முடியாது.

ஃபிக்ஹ் நூல்களில் கண்ணாடி

இவற்றில் எது உண்மையான ஸத்ர் (மறைப்பு) என்று எப்படி முடிவு செய்வது? நம் இமாம்கள் அளவுகோலை எப்போதோ கொடுத்து விட்டார்கள். தொழுகையின் ஸத்ரைப் பற்றிப் பேசும்போது, தோலின் நிறம் தெரியாமல் தடுப்பதே ஸத்ர் என்றும், நிறம் தெரியும் மெல்லிய துணியோ கண்ணாடியோ போதாது என்றும் ஷாஃபியீ நூல்களில் எழுதியிருக்கிறார்கள். நிறம் தெரியாமல் உடலின் வடிவம் மட்டும் தெரிந்தால் தொழுகை கூடிவிடும். ஆனால் பெண்ணுக்கு அது மக்ரூஹ். மெல்லிய துணி பற்றி ஹனஃபீகளின் சட்டமும் இப்படித்தான்.

இந்த அளவுகோலை ஆஸ்பத்திரிக்கும் பயன்படுத்தலாம். தெளிந்த கண்ணாடி ஸத்ரே அல்ல. அதன் வழியாகப் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றே. (முகம் பார்க்கும் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பற்றித்தான் ஃபுகஹாக்கள் வேறு விவரம் பேசியுள்ளார்கள்.) மங்கல் கண்ணாடியில் நிறம் தெரியாவிட்டால் அடிப்படை மறைப்பு கிடைத்து விட்டது, நிழலுருவம் தெரியும்போது அது பேணுதலுக்குப் போதாது, கூடவே ஒரு போர்வையும் வேண்டும். முழுவதும் மூடிய பட்டைகளும், வெளுத்து நிற்கும் மின்சாரக் கண்ணாடியும் துணித் திரைக்குச் சமம். பளபளப்பு ஃபிலிம் பகலில் ஸத்ர். இரவில் ஸத்ர் அல்ல.

சில மஸ்அலாக்கள்

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை எந்நேரமும் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும் என்று கண்ணாடியைத் திறந்தே வைக்கிறார்கள். கூடுமா?

பதில்: கவனிப்பு அவசியமானால் அது நிர்ப்பந்தமே. ஆனால் நர்ஸ் பார்க்க வேண்டியது நோயாளியின் முகத்தையும் கருவிகளையும். எனவே உடலை நன்கு போர்த்தி வைத்தால் இரண்டும் நிறைவேறும். உடல் துடைக்கும்போதும், மலஜலக் கிண்ணம் வைக்கும்போதும், குழாய் மாற்றும்போதும் கண்ணாடியை மூட வேண்டும். அப்போது நர்ஸ் உள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து கவனிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: பட்டைகளைத் திருப்பும் குமிழ் வராந்தாப் பக்கம் மட்டும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் போலிருக்கிறதே?

பதில்: அப்படி வைத்தால் அது திரை அல்ல, காட்சி ஜன்னல். குமிழ் உள்ளே, நோயாளிக்கோ துணையாளுக்கோ எட்டும் இடத்தில் இருப்பதே முறை. நர்ஸுக்கு வெளியிலிருந்தும் வேண்டுமென்றால், அவர் மட்டும் திறக்கும்படி சாவி வைத்த பிடி போடலாம். இதை நிர்வாகத்திடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரசவ அறையில் இதையெல்லாம் கேட்டால் கோபிப்பார்களே?

பதில்: கேட்பது உங்கள் உரிமை. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ‘லக்ஷ்யா’ எனும் பிரசவ அறைத் தரத் திட்டத்திலேயே, மேசைகளுக்கு இடையே தடுப்பும் ஜன்னல்களுக்குத் திரை அல்லது மங்கல் கண்ணாடியும் கேட்கப்பட்டுள்ளன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகளின் உரிமைச் சாசனத்திலும், ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கும் உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. சண்டை வேண்டாம். “சிஸ்டர், அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கம்மா” என்றால் முகம் சுளிப்பவர் குறைவே.

கேள்வி: வாப்பா படுக்கையில் கிடக்கிறார். மகன் அவரைச் சுத்தம் செய்யலாமா?

பதில்: கணவன் மனைவிக்குத் தடையில்லை. மனைவியால் முடியாதபோது மகன் செய்யலாம். பெரும் நன்மையும் உண்டு. போர்வைக்கு உள்ளேயே, கையுறையோ துணியோ போட்டு, தேவைக்கு மேல் பார்க்காமல் செய்ய வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரியாதபடி திரையை மூடுவது மகனின் பொறுப்பு.

கேள்வி: அறைக்குள் கேமரா இருந்தால்?

பதில்: கண்ணாடியை மூடிவிட்டுக் கேமராவைத் திறந்து வைத்தால் என்ன பயன்? 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில், மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனை அறைக் கேமராப் பதிவுகள் வெளியே போய், இணையத்தில் விற்கப்பட்டதாகப் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ஆடை மாற்றும், பரிசோதிக்கும் இடங்களில் கேமரா இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இருந்தால் அகற்றவோ மறைக்கவோ சொல்லுங்கள். நம் கையில் உள்ள செல்போனும் கேமராவே. பிரசவ வார்டிலும் நோயாளியின் கட்டிலருகிலும் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பும் பழக்கத்தை முதலில் நாம் விட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

நோய் விசாரிக்கப் போவது பெரிய ஸுன்னத். போகும்போது கதவுக்கு நேரே நிற்காதீர்கள். ஒதுங்கி நின்று ஸலாம் சொல்லுங்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். திரை மூடியிருந்தால் காத்திருங்கள், அல்லது திரும்பி விடுங்கள். நோயாளியோடு போகும்போது பையில் ஒரு கெட்டியான போர்வை, ஒரு லுங்கி அல்லது பெரிய துப்பட்டா, நாலு கிளிப்புகள் கட்டாயம் இருக்கட்டும். ஆஸ்பத்திரி அங்கி முதுகுப்புறம் திறந்தது. அதன் மேல் போர்த்த ஏதேனும் வேண்டும். இரவானதும் துணையாள் ஒருமுறை வெளியே போய், தம் அறைக் கண்ணாடியை வெளியிலிருந்து பார்த்து வரட்டும். உள்ளிருந்து பார்த்துச் சோதிப்பது சோதனையாகாது.

ஜமாஅத்தாரும் செல்வந்தர்களும் கிளினிக் கட்டும்போதும், பழைய ஆஸ்பத்திரிக்கு உதவும்போதும், வாட்டர் கூலரும் மின்விசிறியும் கொடுப்பதோடு நின்று விடாமல், பிரசவ அறை ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடியோ, வார்டுக் கட்டில்களுக்குத் திரையும் மாற்றுத் திரையும் வாங்கிக் கொடுப்பதை ஸதகத்துல் ஜாரியாவாக நினைக்கட்டும். அந்தத் திரைக்குள் படுப்பவர் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று பார்க்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் அன்று இறந்த மூன்று பெண்களின் தேவையும் ஒன்றாகவே இருந்தது.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் நாம் அறிந்ததே. நோயாளியின் கட்டிலருகே ஒரு திரையை இழுத்து விடுவதும் அந்த நன்மையில் சேரும் என்று ஆதரவு வைப்போம். நோயுற்றோருக்கெல்லாம் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக! நம் மானத்தை இம்மையிலும் மறுமையிலும் மறைத்தருள்வானாக! ஆமீன்.